மூன்று வருட விபத்துப் பதிவேடு கையில் இருக்கிறது, இதிலிருந்து உருப்படியாக என்ன எடுக்கலாம்?

பாதுகாப்பு_மேசை:

வணக்கம். உலோக உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். பிரஸ் ஷாப் (தகட்டை இயந்திரத்தில் அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரிவு), வெல்டிங், பெயிண்ட், பேக்கிங், ஸ்டோர் எல்லாம் சேர்த்து ஐந்நூறு பேர் அளவுக்கு வேலை செய்கிறார்கள், அதில் கணிசமானவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மூன்று வருட விபத்துப் பதிவேட்டை முழுக்க எக்ஸெல்லில் ஏற்றியாகிவிட்டது. தேதி, நேரம், பிரிவு, ஷிஃப்ட், உடலில் எந்த இடம், என்ன காயம், எத்தனை நாள் விடுப்பு, காரணம், எடுத்த நடவடிக்கை, அப்புறம் என்ன நடந்தது என்று இரண்டு மூன்று வரி விவரம். இவ்வளவுதான் இருக்கிறது.

நிர்வாகம் ஒரு டாஷ்போர்டு கேட்கிறது. நானும் பிவட் டேபிள் போட்டு வண்ண வண்ணமாக வட்ட வரைபடம் எல்லாம் செய்து பார்த்தேன். கை விரல் காயம்தான் அதிகம் என்று வருகிறது, இதைச் சொல்ல வரைபடம் எதற்கு, ஷாப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே. காரணம் என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் "கவனக்குறைவு" என்றுதான் இருக்கிறது. இரவு ஷிஃப்டில் காயம் குறைவாக வருவதைப் பார்த்துவிட்டு "பாருங்க, நைட்ல ஒழுங்கா வேலை செய்றாங்க" என்கிறார் உற்பத்தி மேலாளர். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லக் கையில் ஒன்றுமில்லை.

அடுத்த காயத்தைத் தடுக்க இந்தத் தரவு உதவுமா, இல்லை சும்மா அறிக்கைக்குத்தானா? யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

எண்கணக்கு:

முதலில் அந்த இரவு ஷிஃப்ட் விஷயம், ஏனென்றால் அது சுலபம். காயங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் எதோடும் ஒப்பிட முடியாது, எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்பதால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, பகலில் 6 லட்சம் மணி நேர வேலையில் 30 காயம், இரவில் 1.5 லட்சம் மணி நேரத்தில் 12 காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் பகல் 50, இரவு 80. எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவாக இருந்த ஷிஃப்ட் உண்மையில் அதிக ஆபத்தாக இருக்கிறது. உங்கள் ஆலையில் எப்படியோ தெரியாது, ஆனால் மணிக்கணக்கு இல்லாமல் மேலாளரும் பேச முடியாது, நீங்களும் பேச முடியாது. சம்பளப் பிரிவில் வருகைப் பதிவு இருக்கும், பிரிவு வாரியாக, ஷிஃப்ட் வாரியாக, ஓவர்டைம் சேர்த்து வாங்குங்கள். இந்த முழு வேலையிலும் அலுப்பான பகுதி இதுதான், இதை விட்டால் மீதி எதற்கும் அர்த்தமில்லை.

விகிதம் கணக்கிடும்போது ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் ஓஷா (அந்நாட்டு அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) முறைப்படி 2 லட்சம் மணி நேரத்துக்கு (நூறு பேர் ஒரு வருடம் வேலை செய்தால் வருவது) கணக்கிடுவார்கள், மற்ற பல இடங்களில் 10 லட்சம் மணி நேரத்துக்கு. அதே ஆலை, அதே காயம், ஒரு எண் இன்னொன்றைப் போல ஐந்து மடங்கு. வேறு நிறுவனத்தோடு ஒப்பிட்டு "நாம எவ்வளவோ பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் எதால் வகுத்தார்கள், எதைக் காயம் என்று எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். சின்ன எண்கள் தாமாகவே ஆடும். வருடச் சராசரி 8 காயம் உள்ள ஆலையில் ஒன்றுமே மாறாவிட்டாலும் ஒரு வருடம் 5, அடுத்த வருடம் 11 என்று வருவது சாதாரணம். தோராயமாக எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள், அதற்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடுவது வீண் வேலை. சுழியமும் அப்படித்தான். பத்து லட்சம் மணி நேரத்தில் ஒரு காயமும் வரவில்லை என்றாலும், உண்மையான விகிதம் பத்து லட்சத்துக்கு 3 வரை இருக்க இடமுண்டு. மாதாமாதம் சிவப்பு, பச்சை அம்புக்குறி போடும் டாஷ்போர்டு பெரும்பாலும் இந்த ஆட்டத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

இதனால் வரும் வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு காலாண்டில் எந்தப் பிரிவில் காயம் அதிகமோ அங்கே பயிற்சி வகுப்பு நடத்துவார்கள், அடுத்த காலாண்டில் எண்ணிக்கை குறையும், பயிற்சி பலித்துவிட்டது என்று கைதட்டுவார்கள். தற்செயலாக உச்சத்தில் இருந்தது தானாகவே சராசரிக்குத் திரும்பியிருக்கும். பயிற்சி நடத்தாமல் இருந்திருந்தாலும் குறைந்திருக்கும்.

பழைய_பொறியாளர்:

எண்கணக்கு சொன்னது எல்லாம் சரி. ஆனால் நான் வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். மூன்று வருடப் பதிவு என்றால் சில நூறு வரிகள்தானே இருக்கும். வரைபடத்தை மூடிவிட்டு அந்த விவர வரிகளை ஒன்றுவிடாமல் உட்கார்ந்து படியுங்கள், முடிந்தால் லைனில் வேலை செய்யும் ஒருவரையும் மெயின்டனன்ஸ் ஆள் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி. அந்த நேரத்தில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, காயப்படுத்தியது எது, எப்படிப் பட்டது, கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். முதல் கேள்விதான் பெரும்பாலான பதிவேடுகளில் கிடையாது. "பிரஸ் ஷாப்" என்பது இடம், வேலை இல்லை. ஓட்டும்போதா, டை (பிரஸ்ஸில் பொருத்தும் அச்சு) மாற்றும்போதா, மாட்டிக்கொண்ட பீஸை எடுக்கும்போதா, சுத்தம் செய்யும்போதா? வழக்கமான உற்பத்தியை விட இந்த இடைப்பட்ட வேலைகளில்தான் கார்டு (கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பு) கழற்றப்பட்டிருக்கும், இன்டர்லாக் (தடுப்பு திறந்திருந்தால் இயந்திரத்தை ஓடவிடாத அமைப்பு) கட்டிப்போடப்பட்டிருக்கும். இந்த வேலைகள் மொத்த நேரத்தில் சொற்பம், காயத்தில் எவ்வளவு பங்கு என்று எண்ணிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

காரணம் என்ற கட்டத்தைத் தயவுசெய்து ஆராயாதீர்கள். அதை நிரப்பியவர் சூப்பர்வைசர், நிரப்பிய நேரம் ஷிஃப்ட் முடியும் அவசரம். "கவனக்குறைவு" என்று எழுதினால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும், நடவடிக்கை கட்டத்தில் "அறிவுரை வழங்கப்பட்டது" என்று எழுதி மூடிவிடலாம். அதை வைத்து வரைபடம் போட்டால் "நம் ஆலையில் 60 சதவீத விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு" என்று விஞ்ஞானம் மாதிரி ஒரு வாக்கியம் கிடைக்கும், பிறகு அது சுவரில் போஸ்டராக ஏறும். வேண்டுமானால் நடவடிக்கை கட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஆபத்தையே நீக்கியது, மாற்றுப் பொருளோ முறையோ கொண்டுவந்தது, இயந்திரத்தில் தடுப்பு வைத்தது, நடைமுறை மாற்றியது அல்லது பயிற்சி, கையுறை கண்ணாடி கொடுத்தது என்று ஐந்தாகப் பிரித்தால் முதல் மூன்றில் எத்தனை விழுகிறது? நிர்வாகத்துக்குக் காட்ட இதைவிடக் கூர்மையான வரைபடம் எனக்குத் தெரியாது.

கடைசிக் கேள்வி, "என்ன ஆகியிருக்கும்", அதற்கும் காரணம் இருக்கிறது. 1931-ல் ஹெய்ன்ரிக் என்பவர் ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறு காயம், 300 காயமில்லா சம்பவம் என்று ஒரு முக்கோணம் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு முக்கோணத்தின் அடிப்பகுதியைக் குறைத்தால் உச்சி தானாகக் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். காகிதம் விரலைக் கீறுவதைக் குறைத்தால் பிரஸ்ஸில் கை போவது குறையாது, இரண்டுக்கும் மூலம் வேறு. 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். தனிநபர் காய விகிதம் குறைவாக இருந்ததைப் பார்த்துப் பாதுகாப்பு நன்றாக இருக்கிறது என்று அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால் விசாரணையில் வந்தது. 2010-ல் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் துளையிடும் மேடையில் 11 பேர் இறந்த அன்று, வேலை நாள் இழப்பில்லாமல் ஏழு வருடம் ஓட்டியதைப் பாராட்ட மேலதிகாரிகள் அங்கே வந்திருந்தார்கள். ஆகவே விடுப்பு நாள் எத்தனை என்பதை விட, உயிரோ உறுப்போ போயிருக்கக் கூடியவை எவை என்று தனியாகக் குறி வையுங்கள். பத்துப் பதினைந்து தேறும். அவைதான் உங்கள் தரவின் சாரம்.

வேகவேகம்:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, விவரத்தை எல்லாம் ஒரு ஏஐ-ல போட்டா அதுவே வகை பிரிச்சுக் குடுத்துடும்.

பழைய_பொறியாளர்:

பிரிக்கும், மறுக்கவில்லை. பல்லாயிரம் வரி இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். சில நூறு வரிக்கு, படிப்பதே பாதி ஆராய்ச்சி. "பீஸ் எடுக்கும்போது கை பட்டது" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இயந்திரம் நிற்காமல் எப்படிக் கை உள்ளே போனது என்று எழுந்துபோய்ப் பார்க்கத் தோன்ற வேண்டும், அது மனிதருக்குத்தான் தோன்றும். அப்புறம், பெயரையும் டோக்கன் எண்ணையும் நீக்காமல் எதிலும் ஏற்றாதீர்கள்.

பாதுகாப்பு_மேசை:

நன்றி சார், இருவருக்கும். இரண்டு சிக்கல். ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்ற கணக்கு எங்களிடம் இல்லை, ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது. அவர்களுடைய காயங்களும் பதிவேட்டில் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. இரண்டாவது, மேலே "ஒரே ஒரு எண் சொல்லுங்க" என்கிறார்கள்.

லைன்_மூன்று:

நான் பாதுகாப்புத் துறை ஆள் இல்லை, வேறொரு ஆலையில் ஆபரேட்டர். ஒப்பந்த ஆட்கள் காயம் குறைவாக இருப்பது ஆச்சரியமே இல்லை சார். அடிபட்டது என்று சொன்னால் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஷிஃப்ட் முடித்துவிட்டு வெளியே போய்த் தையல் போட்டுக்கொள்வார்கள். நிரந்தர ஆட்களும் சொல்லமாட்டார்கள், வேறு காரணத்துக்காக. எங்களிடம் விபத்தில்லா நாள் பலகை இருந்தது, இத்தனை நாள் வந்தால் எல்லோருக்கும் பரிசு என்று. ஒருத்தன் விரலில் வெட்டுப்பட்டால் மொத்த லைனும் அவனை முறைக்கும். எண் அழகாக ஏறிக்கொண்டே இருந்தது, ரத்தம் மட்டும் தரையில் அப்படியே இருந்தது.

இன்னொன்று, சொன்னவனுக்கு என்ன நடக்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். மூன்று தடவை கூப்பிட்டு "நீ ஏன் அங்க கை வச்ச" என்று கேட்பார்கள். அந்த கார்டு ஆடுகிறது என்று அவன் முன்பே சொல்லியிருப்பான், அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. உங்களிடம் மெயின்டனன்ஸ் வேலை கோரிக்கைப் புத்தகம் இருக்குமே, அதைப் பாருங்கள். "கார்டு லூஸ்", "சென்சார் வேலை செய்யவில்லை" என்று யார் எப்போது எழுதினார்கள், எத்தனை நாள் கழித்துச் சரிசெய்தார்கள் என்று. அடிபடுவதற்கு முன்னால் எழுதப்பட்ட விபத்துப் பதிவேடு அதுதான்.

எண்கணக்கு:

லைன்_மூன்று சொன்ன அந்தப் புத்தகம் எனக்குத் தோன்றவே தோன்றாது, அருமை. கோரிக்கைக்கும் சரிசெய்ததற்கும் நடுவே எத்தனை நாள் என்பது ஒரு அருமையான அளவுகோல், அதுவும் காயம் போலச் சின்ன எண் இல்லை, மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு வரும்.

ஒப்பந்தக்காரர் கணக்கு: கேட் பாஸ் பதிவிலிருந்து உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எடுங்கள், துல்லியமாக இல்லாவிட்டாலும் போதும். அடுத்த ஒப்பந்தத்தில் மணிக்கணக்கு தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

குறைவாகப் பதிவாகிறதா என்று சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கடுமையான காயத்தை மறைப்பது கடினம், லேசானதை மறைப்பது சுலபம். ஆகவே நிரந்தர ஆட்களிடம் லேசான காயம் எத்தனை, கடுமையானது எத்தனை என்ற விகிதத்தையும் ஒப்பந்த ஆட்களிடம் அதே விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு பக்கம் எலும்பு முறிவு மட்டும் இருந்து வெட்டுக்காயமே இல்லை என்றால் அந்தப் பக்கம் பதிவு நடக்கவில்லை. நேரக் கட்டத்தையும் பாருங்கள், எல்லாம் 10.00, 10.30, 2.00 என்று உருண்டையாக இருந்தால் அது அடிபட்ட நேரம் இல்லை, படிவம் எழுதிய நேரம். அதை வைத்து "மதியத்துக்குப் பிறகு களைப்பில் அடிபடுகிறார்கள்" என்று முடிவு கட்ட முடியாது.

உங்கள் பதிவேட்டில் இல்லாத ஒரு கட்டம்: வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள். கனடாவின் ஒண்டாரியோ மாகாண இழப்பீட்டுத் தரவில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவருக்கு வேலை நாள் இழக்கும் அளவு காயம் படும் வாய்ப்பு, ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவரைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம் என்று வந்தது. ஒப்பந்த ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஆலையில் இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலுதவி_அறை:

தொழில்சார் சுகாதாரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பாதுகாப்பு மேசையிலிருந்து வரும் கணக்கில் எங்கள் பதிவேடு பெரும்பாலும் சேருவதே இல்லை, அதைக் கேட்டு வாங்குங்கள். விபத்துப் பதிவேட்டில் வராத வெட்டு, கண்ணில் தூசி, சூடுபட்டது எல்லாம் எங்களிடம்தான் இருக்கும். இரண்டையும் தேதி வைத்து ஒட்டிப் பார்த்தாலே எவ்வளவு விடுபடுகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் நோயாளி விவரம் அப்படியே தரமாட்டோம், தரவும் கூடாது, பிரிவும் காயமும் தேதியும் மட்டும் கேளுங்கள்.

எனக்கு இந்த இழை முழுவதிலும் ஒரு குறை தெரிகிறது. எல்லோரும் காயத்தையே பேசுகிறீர்கள். உலகத் தொழிலாளர் அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் வருடத்துக்கு சுமார் 29.3 லட்சம் பேர் வேலை தொடர்பான காரணங்களால் இறக்கிறார்கள், அதில் விபத்து சுமார் 3.3 லட்சம்தான், மீதி சுமார் 26 லட்சம் நோய். பதிவேட்டில் ஒரு நோய்கூட இருக்காது, ஏனென்றால் அதற்குத் தேதி கிடையாது, நேரம் கிடையாது, சாட்சி கிடையாது. பிரஸ் ஷாப் என்றால் சத்தம். வருடாவருடம் காது பரிசோதனை நடக்கிறது அல்லவா, அந்தத் தாள்கள் ஃபைலில் தூங்கும். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றிலும் சேர்த்துச் சராசரியாக 10 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் முதல் பரிசோதனையை விடக் குறைந்திருந்தால் அதை ஒரு மாற்றமாக எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு அப்படி என்று எண்ணுங்கள். வெல்டிங், பெயிண்ட் ஆட்களுக்கு மூச்சுப் பரிசோதனையும் அதே மாதிரி.

இடுப்பு, தோள் வலி எந்தப் படிவத்திலும் வராது. ஒரு பெரிய தாளில் மனித உருவம் முன்பக்கம், பின்பக்கம் வரைந்து சாப்பாட்டு அறையில் ஒட்டி, வேலையால் எங்கே வலிக்கிறதோ அங்கே புள்ளி வைக்கச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம், பிரிவுக்கு ஒரு நிறம். தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாகச் செய்யும் முறை. பேக்கிங் நிறம் முழுக்க வலது தோளில் விழுந்தால் மேசை உயரத்தைப் போய் அளந்து பாருங்கள்.

பழைய_பொறியாளர்:

அம்மா சொன்னதை நான் எழுதியிருக்க வேண்டும், நல்லவேளை நீங்கள் வந்தீர்கள்.

"ஒரே எண்" கேட்பவர்களுக்கு: விகிதத்தைக் கொடுங்கள், ஆனால் பக்கத்திலேயே அதன் வீச்சையும் போடுங்கள், 5 என்று மட்டும் போடாமல் "5, ஆனால் 2 முதல் 12 வரை எதுவாகவும் இருக்கலாம்" என்று. அதைப் பார்த்ததும் அந்த எண்ணின் மேல் ஆசை தானாகக் குறையும். விடுப்பு நாளை வைத்துத் தீவிரம் கணக்கிடச் சொன்னால் எதிர்த்துப் பேசுங்கள். பல தரநிலைகளில் ஒரு மரணத்தை 6000 நாள் இழப்பாக எடுப்பார்கள், ஒரே ஒரு சம்பவம் மூன்று வருடக் கணக்கைப் புரட்டிப் போடும். மறுபக்கம் விரல் உடைந்தவரை மறுநாளே வரவழைத்து ஸ்டோரில் உட்கார வைத்து "விடுப்பு 0" என்று எழுதும் வழக்கமும் எல்லா ஊரிலும் உண்டு.

பாதுகாப்பு_மேசை:

எல்லா வரிகளையும் மெயின்டனன்ஸ் ஆளோடும் ஒரு மூத்த ஆபரேட்டரோடும் படித்து முடித்தோம். பிரஸ் ஷாப் விரல் காயங்களில் பெரும்பகுதி ஓட்டும்போது இல்லை, டை மாற்றும்போதும் மாட்டிக்கொண்ட பீஸை எடுக்கும்போதும்தான். அதிலும் குறிப்பிட்ட இரண்டு பிரஸ். மெயின்டனன்ஸ் புத்தகத்தில் அதே இரண்டுக்கும் முன்பக்க கார்டு பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பீஸ் மாட்டுவதற்கே காரணம் தேய்ந்துபோன எஜெக்டர் (பீஸை வெளியே தள்ளும் பாகம்) என்று ஆபரேட்டர் சொல்கிறார். பதிவேட்டில் எல்லாம் "கவனக்குறைவு". உறுப்பு இழப்பு இதுவரை இல்லை, அதனால் செலவுக்கு ஒப்புதல் கிடைக்குமா என்று தெரியவில்லை.

எண்கணக்கு:

உங்களிடம் நடக்காததை மற்றவர்களிடம் நடந்ததிலிருந்து காட்டுங்கள். அமெரிக்காவில் 2015 ஜனவரி முதல், உறுப்புத் துண்டிப்பு, கண் இழப்பு, மருத்துவமனையில் அனுமதி ஆகியவற்றை 24 மணி நேரத்துக்குள் ஓஷாவுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவுகளை என்ன நடந்தது என்ற குறுவிவரத்தோடு பொதுவில் வைத்திருக்கிறார்கள், இலவசமாகத் தரவிறக்கலாம். பிரஸ், மாட்டிக்கொண்ட பாகம், டை மாற்றுதல் என்று தேடி வடிகட்டுங்கள். உங்கள் பதிவேட்டில் "விரலில் கீறல்" என்று இருக்கும் அதே சம்பவம் அங்கே விரலே போனதாக எழுதியிருக்கும். இரண்டு விவரத்தையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்துக் கொடுங்கள், வரைபடமே வேண்டாம்.

எஜெக்டரும் கார்டும் மாற்றிய பிறகு காயம் குறைந்ததா என்று பார்த்துக் காத்திருக்காதீர்கள், அவ்வளவு சின்ன எண்ணில் தெரிய வருடக்கணக்காகும். ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை பீஸ் மாட்டுகிறது, எத்தனை தடவை கை உள்ளே போகிறது என்று மாற்றுவதற்கு முன்பே எண்ணத் தொடங்குங்கள். மாற்றாத ஒரு பிரஸ்ஸிலும் அதே நாட்களில் எண்ணுங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் குறைந்ததால் குறைந்ததா என்று சந்தேகம் வரும்.

லைன்_மூன்று:

எண்ணும் வேலையை அந்த பிரஸ் ஆபரேட்டரிடமே கொடுங்கள் சார், சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்வார். சூப்பர்வைசரிடம் கொடுத்தால் சுழியம்தான் வரும்.